அப்பா இறந்தபின் 'கூடுதலாக வாங்கிய பெனிஃபிட்டைத் திருப்பிக் கட்டுங்கள்' என்று கடிதம் வந்தால்

அந்தியேட்டி முடிந்து, இறந்தவரின் சொத்தைக் கையாள அனுமதிக்கும் நீதிமன்றப் பத்திரமான புரோபேட்டும் கையில் கிடைத்து, வீடு கொஞ்சம் ஆறும் நேரத்தில்தான் இந்தக் கடிதம் வரும். வருமானம் குறைந்த முதியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் பென்ஷன் கிரெடிட்டை வாங்கியவர் இறந்தால், புரோபேட்டில் காட்டிய சொத்து மதிப்பை அவர் முன்பு சொன்ன சேமிப்போடு டிடபிள்யூபி (பெனிஃபிட் கொடுக்கும் அரசுத் துறை) ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணக்கு இடித்தால் வங்கிக் கூற்றுகளைக் கேட்டு எக்சிகியூட்டருக்கு, அதாவது உயிலின்படி சொத்தை நிர்வகிப்பவருக்கு, எழுதுவார்கள். கேட்டதை மறைக்காமல் கொடுங்கள். ஆனால் கடிதம் வந்தது என்பதற்காகவே கடன் உறுதியாகிவிடாது.

இங்கே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸில் பென்ஷன் கிரெடிட்டுக்கு உரியது. யூனிவர்சல் கிரெடிட் என்ற பெனிஃபிட் வேறு: அலுவலகமே பிழைவிட்டுக் கூடக் கொடுத்திருந்தாலும் அங்கே திருப்பிக் கேட்கலாம்.

படி 1: பணத்தைப் பிரிக்காதீர்கள்

கட்டவும் அவசரப்பட வேண்டாம். இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் போகும். பிள்ளைகள் சொந்தக் காசில் கட்டத் தேவையில்லை. நியாயமான ஈமச்சடங்குச் செலவு இந்தக் கடனுக்கு முன்னால் நிற்கும். ஆனால் இப்படி ஒரு கோரிக்கை இருப்பது தெரிந்தும் எக்சிகியூட்டர் பணத்தைப் பிரித்துக் கொடுத்தால், பொறுப்பு அவர் தலையில் விழலாம்.

படி 2: முடிவுகளை எழுத்தில் கேளுங்கள்

இரண்டு முடிவுகள் வேண்டும். எந்தக் காலத்துக்கு எவ்வளவு உரித்து இருந்தது என்று பழைய முடிவை மாற்றிய ஒன்று. அதனால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இன்னொன்று. 1992ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது. வாரவாரியான கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 3: பழைய கடிதங்களைத் தேடுங்கள்

வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. இறந்தவர் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொன்னார், அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று டிடபிள்யூபிதான் நிரூபிக்க வேண்டும். அவர் வந்து பேச முடியாது. அவருக்காகப் பேசப்போவது காகிதம்தான்.

ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து அம்மாவின் பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்தோம். கோயில் ரசீதுகளுக்கு அடியில், நாலாக மடித்தபடி பழைய பென்ஷன் கிரெடிட் கடிதம் ஒன்று கிடந்தது. அதில் 'அசெஸ்ட் இன்கம் பீரியட்' என்று ஒரு வரி. அந்தக் காலம் ஓடும்வரை சேமிப்பு கூடினாலும் அறிவிக்கத் தேவையில்லை. 2016 ஏப்ரல் 6 முதல் புதிதாக யாருக்கும் இதைக் கொடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு முடிவுத் தேதியே இல்லாமல் கொடுத்தவை தொடர்ந்தன. நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் அது முடியும். இந்த ஒரு வரிக்காக டின், அலுமாரி, மெத்தையடி எல்லாம் தேடுங்கள்.

கணக்கில் கிடந்த காசு முழுக்க அவருடையதுதானா என்றும் பாருங்கள். மகன் பத்திரமாக வைக்கக் கொடுத்தது, மற்றவர்களின் சீட்டுக் காசு என்றால் போட்டவரின் வங்கிக் கூற்றோடு காட்டுங்கள். தாலிக்கொடி, வளையல் போன்ற சொந்த நகைகள் சேமிப்பில் சேராது. சேமிப்பைக் குறைத்துக்காட்ட வாங்கியிருந்தால் மட்டும் சிக்கல் வரலாம்.

எது எடுபடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தவறாகச் சொன்னாலும் அது தவறான தகவல்தான். 'டிமென்ஷியா, சொல்ல வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை' என்பது மட்டும் போதாது; அந்தப் பணம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்றால் அது நல்ல வாதம். வேறொரு பெனிஃபிட் அலுவலகத்துக்குத் தெரியும் என்பதும் உதவாது, 2005இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படித் தீர்த்துவிட்டது.

படி 4: 13 வாரக் கணக்கு

சேமிப்பில் 10,000 பவுணுக்கு மேல் ஒவ்வொரு 500க்கும், 500க்குக் குறைந்த மிச்சத்துக்கும், வாரம் 1 பவுண் வருமானம் என்று எடுத்து, பென்ஷன் கிரெடிட்டில் குறைப்பார்கள். அப்பாவிடம் 10,540 இருந்தால் வாரம் 2 பவுண். 13 வாரத்தில் 26. அந்த 26ஐ டிடபிள்யூபி கொடுக்காதிருந்தால் அவர் சேமிப்பிலிருந்துதான் எடுத்திருப்பார். அதனால் அடுத்த 13 வாரத்துக்குச் சேமிப்பு 10,514, அதற்கடுத்து 10,488 என்று குறைத்துப் போட வேண்டும். 10,488 ஆனதும் வாரம் 1 பவுண்தான். பெரிய தொகை, நீண்ட வருடங்கள் என்றால் இந்தக் கழிவும் பெரிதாகும். செய்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

படி 5: மறுபரிசீலனை, பிறகு மேல்முறையீடு

முடிவின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் டிடபிள்யூபியிடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பிந்தினால் காரணம் சொல்லி 13 மாதம்வரை கேட்கலாம், ஏற்பது அவர்கள் கையில். இவ்வளவு எழுதினால் போதும்: "காலமான என் தகப்பனாரின் எக்சிகியூட்டர் நான். இந்தத் தேதியிட்ட முடிவை ஏற்கவில்லை. அவர் எந்த விஷயத்தை, எப்போது அறிவிக்கத் தவறினார் என்பதற்கான ஆதாரத்தைத் தாருங்கள்." பிறகு உங்கள் காரணங்கள். புரோபேட் எடுக்கவில்லை என்றால், இறந்தவர் சார்பில் உங்களை நியமிக்கும்படி முதலில் டிடபிள்யூபிக்கு எழுதுங்கள்.

பதில் சாதகமாக இல்லாவிட்டால், அந்தப் பதிலின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தில் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அது டிடபிள்யூபியின் பகுதியல்ல, கட்டணமும் இல்லை. நேரில் விசாரணை கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் படிவத்திலேயே குறிப்பிடுங்கள்.

படிவத்தை நிரப்ப சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ உங்கள் பகுதி லா சென்டரிலோ இலவச உதவி கேளுங்கள். போகும்போது அந்த டின்னை அப்படியே கொண்டுபோங்கள். உறைகளையும் எறிய வேண்டாம். கடிதம் பிந்தி வந்தது என்று காட்ட அதிலுள்ள தபால் முத்திரை தேவைப்படலாம்.