சாம்பார், ரசம், கேசரி... வீட்டு நாய்க்கு எதை வைக்கக் கூடாது?

நாய்க்கு குடுக்கக் கூடாத சாப்பாடுன்னு தேடுனா சாக்லேட், அவகாடோ, மக்காடமியா பருப்புன்னு ஒரு லிஸ்ட் வரும். மக்காடமியாவ நம்ம ஊர்ல எத்தன வீட்டுல வாங்குறாங்க சொல்லுங்க? நம்ம நாய்க்கு ஆபத்து பெரும்பாலும் வர்றது மத்தியானம் நம்ம சாப்ட்டு முடிச்சதும் மிச்சத்த பிசைஞ்சு வைக்கிறோம்ல, அந்தத் தட்டுலேர்ந்துதான். புதுசா நாய் வளக்க ஆரம்பிச்சவங்களுக்காக நம்ம சமையக்கட்டு வழியாவே ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

ஸ்டெப் 1: நாயோட எடைய தெரிஞ்சு வச்சுக்கோங்க

இது எதுக்குன்னு தோணும், ஆனா எல்லா கணக்கும் இதுலதான் நிக்குது. நாய தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறி கழிச்சுக்கோங்க. தூக்க முடியாத சைஸ்னா அடுத்த தடவ ஊசி போட போறப்ப டாக்டர்கிட்டயே பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: வெங்காயம், பூண்டு இருக்கான்னு பாருங்க

இருக்கும். சாம்பார், குருமா, பிரியாணி, ஆம்லெட்னு எதத் தொட்டாலும் இருக்கும். வெங்காயத்துல இருக்க கந்தகச் சத்து நாயோட ரத்தச் சிவப்பணுக்கள உடைச்சிடும், அதனால ரத்த சோகை வரும். வேக வச்சா போயிடும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, போகாது, வதக்குனாலும் பொடி பண்ணாலும் அப்படியேதான் இருக்கும். வெங்காயத்த எடுத்து போட்டுட்டு வெறும் குழம்ப ஊத்துனாலும் சாறு அதுலதானே எறங்கியிருக்கு.

கணக்கு என்னன்னா, ஒரு கிலோ எடைக்கு 15லேர்ந்து 30 கிராம் வெங்காயம் போனாலே ரத்தத்துல பாதிப்பு தெரிய ஆரம்பிக்கும். 5 கிலோ பாமரேனியனுக்கு 75 கிராம், அதாவது ஒரு பெரிய வெங்காயமே போதும். பூண்டு அதவிட பல மடங்கு வீரியம். ஒரே நாள்ல நிறைய தின்னாத்தான்னு இல்ல, தினம் கொஞ்சம் கொஞ்சமா போனாலும் சேர்ந்துக்கும்.

"எங்க தாத்தா காலத்துல நாய் சாம்பார் சோறு தின்னுதான் வளந்துச்சு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. சரிங்க, ஆனா அந்த நாய்க்கு யாரு ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணா? சோர்ந்து படுத்துச்சு, செத்துப் போச்சுன்னு விட்டுருப்பாங்க.

ஸ்டெப் 3: திராட்சையும் புளியும்

பச்சை திராட்சை, கருப்பு திராட்சை, கேசரி பாயசத்துல நெய்யில வறுத்து போடுற உலர் திராட்சை எல்லாமே நாயோட கிட்னிய அடிச்சிடும். இதுல பேஜாரான விஷயம், இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே சொல்ல முடியாது. ஒரு நாய் கொத்தோட தின்னுட்டு சும்மா சுத்தும், இன்னொரு நாய் நாலஞ்சு தின்னுட்டு படுத்துடும். முதல் நாள் வாந்தி, அப்புறம் சாப்பாட்ட மோந்து பாத்துட்டு திரும்பிப் படுத்துக்கும், ரெண்டு மூணு நாள்ல ஒண்ணுக்கு போறதே கொறஞ்சிடும்.

ஏன் இப்படின்னு ரொம்ப வருஷம் யாருக்கும் புரியல. 2021ல அமெரிக்காவுல ஏ.எஸ்.பி.சி.ஏங்கிற விலங்கு நல அமைப்போட விஷ முறிவு மையத்து டாக்டர்கள், திராட்சையில இருக்க டார்டாரிக் ஆசிட்தான் காரணமா இருக்கணும்னு எழுதுனாங்க. அதுக்கு துப்பு கெடைச்சது திராட்சையிலேர்ந்து இல்ல. கிரீம் ஆஃப் டார்டார்னு கேக்குக்கு போடுற ஒரு பொடி இருக்கு, அது டார்டாரிக் ஆசிட்டோட உப்புதான். அதப் போட்டு பசங்க உருட்டி விளையாட வீட்டுல செஞ்ச மாவ தின்ன ஒரு நாய்க்கும் இதே மாதிரி கிட்னி பாதிப்பு வந்துருக்கு. இப்ப நம்ம வீட்டுல டார்டாரிக் ஆசிட் எதுல இருக்கு? புளிக்கு அந்தப் புளிப்பே அதாலதான்! அதனால புளியோதரை, வத்தக்குழம்பு, புளிக்கரைசல் எதுவும் நாய் தட்டுக்கு போகக் கூடாது. ரசத்துல புளி, பூண்டு ரெண்டும் இருக்கு, சோறு தொண்டையில எறங்கணும்னு ரசம் ஊத்தி பிசையிறத மொதல்ல நிறுத்துங்க.

ஸ்டெப் 4: பிரிட்ஜ், ஷெல்ஃப், ஹேண்ட்பேக்

சாக்லேட்டுல தியோப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, நம்ம உடம்பு சீக்கிரம் வெளியேத்திடும், நாய்க்கு ரொம்ப நேரம் ஆகும். மில்க் சாக்லேட்னா 5 கிலோ நாய்க்கு 50 கிராம் பார் ஒண்ணுலயே வாந்தி, படபடப்பு ஆரம்பிச்சிடலாம். டார்க் சாக்லேட்னா அதுல பாதிகூட வேணாம், கோகோ பவுடர் இன்னும் மோசம். காபித்தூள், வடிகட்டிப் போட்ட டீத்தூள் சக்கையும் இதே கூட்டணிதான்.

ஹேண்ட்பேக்னு ஏன் சொன்னேன்னா சுகர்ஃப்ரீ சூயிங்கம். அதுல சர்க்கரைக்குப் பதிலா இனிப்புக்கு போடுற சைலிட்டால் இருந்துச்சுன்னா நாய் உடம்புல இன்சுலின் திடீர்னு ஏறி, அரை மணி நேரத்துலயே சர்க்கரை எறங்கி தள்ளாடும், வலிப்பு வரும், லிவரும் போகலாம். பாக்கெட்ல சைலிட்டால்னு இருக்கா, இல்ல ஐ.என்.எஸ் 967ன்னு நம்பரா போட்டிருக்கான்னு பாருங்க. டூத்பேஸ்ட், பீனட் பட்டர்லயும் இது இருக்கலாம்.

ஸ்டெப் 5: குப்பைக்கூடைக்கு மூடி போடுங்க

ஞாயித்துக்கெழம வெந்த கோழி எலும்பு, மட்டன் எலும்பு. வெந்த எலும்பு கடிச்சா ஊசி ஊசியா சிதறும், தொண்டையிலயோ குடல்லயோ குத்திடும். மாங்கொட்டை, சோளக்கட்டை அப்படியே முழுங்கி குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான். கோழித்தோல், எண்ணெய் மிச்சம் நிறைய போனா கணையம் வீங்கும், கருவாடு, ஊறுகாய், அப்பளத்துல உப்பு ஜாஸ்தி.

ஸ்டெப் 6: அப்போ என்னதான் வைக்கிறது?

தாளிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க, அவ்ளோதான் டெக்னிக். உப்பு மசாலா போடாம வேக வச்ச எலும்பில்லாத கோழி, அவிச்ச முட்டை, வெறும் சோறு, கேரட், பூசணிக்காய். தாளிக்காத தயிர் சாதம் நிறைய நாய்க்கு ஒத்துக்கும், பால் பல நாய்க்கு ஒத்துக்காம வயித்தால போகும். ஆப்பிள்னா விதைய எடுத்துடுங்க.

ஸ்டெப் 7: தின்னுடுச்சுன்னா

உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, ரத்தத்துல உப்பு ஏறி அதுவே நாயக் கொன்னுடும். எலும்பு முழுங்கியிருந்தா வாந்தி வர்றப்ப திரும்பவும் கிழிக்கும். பால் ஊத்துனா விஷம் முறியும்ங்கிறதும் சும்மா.

என்ன தின்னுச்சு, எவ்ளோ, எத்தன மணிக்கு, நாய் எடை என்ன, இந்த நாலையும் டாக்டருக்கு போன்ல சொல்லுங்க, ரேப்பர கையில எடுத்துட்டு கெளம்புங்க. மொத ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா பெரும்பாலும் அவங்களே பாதுகாப்பா வாந்தி எடுக்க வச்சிடுவாங்க, அதனால "காலையில பாத்துக்கலாம்"னு தள்ளாதீங்க. பக்கத்துல டாக்டர் இல்லன்னா சென்னையில வேப்பேரி, அப்புறம் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலின்னு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிங்க இருக்கு.

வெங்காயம்னா மட்டும் ஒரு விஷயம், அன்னிக்கு நாய் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும், பாதிப்பு தெரிய மூணுலேர்ந்து அஞ்சு நாள்கூட ஆகும். அதுவரைக்கும் தினம் மேல் உதட்ட தூக்கி ஈறப் பாருங்க, ரோஸ் கலரா இருக்கணும். ஈறே கருப்பா இருக்க நாய்னா கீழ் இமைய லேசா எறக்கி உள்பக்கம் பாருங்க. வெளுத்திருந்தாலோ, ஒண்ணுக்கு டீ டிகாஷன் மாதிரி போனாலோ உடனே தூக்கிட்டு போய் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.