மரபு நடை: கோபுரத்தைக் காட்டப் போய் ஆட்களைக் கோட்டை விடாதீர்கள்

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். பழைய தெருக்களில் நடந்தபடியே வரலாற்றைச் சொல்வதுதான் மரபு நடை. எங்கள் சிறிய வரலாற்றுக் குழு மலேசியாவின் பினாங்கில் நடத்திய முதல் மரபு நடையில், குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கு எதிரே காலை 11 மணி வெயிலில் நின்று 25 நிமிடம் பேசினேன். 1833-ஆம் ஆண்டுக் கோயில், இந்தத் தீவின் ஆகப் பழைய இந்துக் கோயில், இப்போது இருக்கும் கோபுரம் அதற்கு நூறு வருடம் கழித்து எழுந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். தகவலில் குறை இல்லை. பேசி முடித்துத் திரும்பினால் 30 பேரில் பாதிப் பேரைக் காணோம். எதிர்ச் சாரிக் கடையின் அஞ்சடியில் (கடை முன்னால் தூண் வைத்து மூடிய நடைபாதை), நிழலில், ஒரு பெரியவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் மகளோடு நடைக்கு வந்தவர். இளவயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் கோபுரத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: நான் சொன்னதெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். அவர் சொன்னது வேறெங்கும் கிடைக்காது. நான் அதைக் குறித்துக்கூட வைக்கவில்லை.

சரி, தவறைத் திருத்தலாம் என்று அடுத்த நடைக்கு அவரை முறையாக அழைத்து, கையில் மைக்கைக் கொடுத்து, "ஐயா, அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். அது முதல் தவறைவிடப் பெரிது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். அந்தக் காலத்துல நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம். இப்ப உள்ள பிள்ளைங்க நல்லாப் படிக்கணும்." அவ்வளவுதான். மைக் என் கைக்கே திரும்பி வந்தது. மைக்கைப் பார்த்தாலே நம் பெரியவர்களுக்குக் கல்யாண மண்டபத்து வாழ்த்துரை வந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அந்தக் காலம்" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும்.

அன்று நடை முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில், மைக் இல்லாமல், சும்மா கேட்டேன்: "ராத்திரி எங்கே படுத்துக்குவீங்க?" மனிதர் பதில் சொல்லவில்லை, நடக்க ஆரம்பித்தார். தெருமுனை தாண்டி, இப்போது துணிக்கடையாக இருக்கும் ஒரு கடைவீட்டின் அஞ்சடியில் மூன்றாவது தூணைத் தொட்டார். "மழை பெய்ஞ்சா சாரல் இந்தத் தூண் வரைக்கும் வரும். அதனால புதுசா வர்றவனுக்கு இந்த இடம். எனக்கும் மொதல்ல இதுதான்." அப்புறம் உள்பக்கமாக நாலு எட்டு வைத்து, "மூணு வருஷம் கழிச்சு இங்க வந்தேன். இங்க நனையாது" என்றார். துறைமுகக் கூலிகளின் படிநிலையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். சாரல் படும் தூணிலிருந்து சாரல் படாத சுவருக்கு நகர்வதுதான் பதவி உயர்வு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆகவே கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள், சம்பவம் நடந்த இடத்திலேயே நின்று கேளுங்கள். கப்பலில் சோறு யார் ஆக்கினார்கள், பெட்டியை எந்தக் கிட்டங்கியில் வைத்தீர்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்ற மாதிரி. கை நீட்டிக் காட்டக்கூடிய பதிலாக இருந்தால் பெரியவர்கள் தயங்குவதே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்படிப்பட்ட பெரியவர்கள் இப்போது பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனில் குடியிருக்கவில்லை. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்களைப் பாதுகாத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் நகரம் இடம்பெற்றபோது, அந்த மரபுக்குச் சொந்தக்காரர்களில் பலர் ஏற்கெனவே ரெலாவ், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் அடுக்குமாடிகளுக்குப் போயிருந்தார்கள். நாமோ அறிவிப்பை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, "உள்ளூர் மக்கள் வருவதே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறோம். கோயில் அறிவிப்புப் பலகை, பள்ளிவாசல் வாசல், தேவாலயப் பூசைக்குப் பின் ஓர் அறிவிப்பு, மளிகைக்கடைக் கல்லாப் பக்கம் ஒட்டிய தாள், இவைதாம் அவர்களைப் போய்ச் சேரும். எழுதும்போது பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். "லெபோ பாசார்" என்றால் யோசிப்பார்கள். "கடைத்தெரு" என்றால் எந்த முனையில் என்று திருப்பிக் கேட்பார்கள். "பிட் ஸ்ட்ரீட்" என்று போடாமல் "ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்" என்று மட்டும் போட்டதால் ஒரு குடும்பம் வழி தெரியாமல் கொம்தார் கோபுரக் கட்டடம் வரை போய்த் திரும்பியது.

அந்தப் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல், இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் காலத்தில் தொடங்கியது. "கப்பித்தான் கெலிங்" அவருடைய பதவிப் பெயர். "கெலிங்" என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்போது அது வெறும் அடையாளம். பின்னால் நம்மை இழிவாகக் கூப்பிடும் சொல்லாகிப்போனது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. பெயர்ப்பலகையை அவர்கள் உரக்கப் படிக்கும்போது வழிகாட்டி வானத்தைப் பார்த்தால் அதைவிட மோசம் வேறில்லை. வாசலுக்கு வருவதற்கு முந்தைய தெருவிலேயே நின்று, அந்தச் சொல் முன்பு எப்படி இருந்தது, பின்பு என்ன ஆனது என்று இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் தொழுகைக்கு வருபவர்களுக்கும் சங்கடம்.

இதற்கு நேர் எதிரான தவறு, நம்மை ஒரேயடியாகத் தூக்கி வைப்பது. சூலியா ஸ்ட்ரீட்டில் நின்று "இது சோழர் படை வந்திறங்கிய தெரு" என்று ஒருவர் முழங்கியதை என் காதால் கேட்டேன். கூட்டம் கை தட்டியது. ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியது 1025-இல். பினாங்கை ஆங்கிலேயர் வசமாக்கிய பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியது 1786-இல். இடையில் 761 வருடம் இருக்கிறது. சூலியா என்ற பெயர் சோழ நாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பது வேறு பேச்சு. அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் படை நடத்தியவர்கள் அல்லர், கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள். லைட் வருவதற்கு முன்பே கெடாவில் கடை விரித்திருந்தவர்கள். நிஜத்தில் இருப்பதே போதுமான பெருமை.

பெருமை இல்லாத பக்கத்தை விழுங்கிவிடுவதும் அதே தவறுதான். புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களைப் படம் எடுக்க வைக்கிறோம். 1818-இல் கட்டி முடித்த அந்தத் தேவாலயத்தில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் என்பதைச் சொல்வதில்லை. "கைதி என்றால் நம் பெயர் கெடாதா?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நாங்கள் சொல்கிறோம். கேட்பவர்கள் அதன் பிறகு தூண்களை வேறு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

இடத்தை மாற்றிக் காட்டும் பிழைக்கும் ஓர் உதாரணம். இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது என்பதை 2016-இல் 200-ஆம் ஆண்டாகக் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டச் சூட்டில் ஒரு பள்ளிக் குழுவை கிரீன் லேன் கட்டடத்துக்குக் கூட்டிப்போய், "இங்கேதான் முதல் தமிழ் வகுப்பு" என்று காட்டினார்கள். பள்ளி அந்த இடத்துக்கு வந்ததே 1928-இல். அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேல் ஃபார்க்குவார் ஸ்ட்ரீட்டில், இன்று மாநில அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1816-இல் அங்கேயும் இல்லை, தற்காலிக இடம் ஒன்றில் தொடங்கியது. பள்ளியின் பெயர் ஒன்றாக இருப்பதால் கட்டடமும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். புறப்படும் முன் ஒரு முறை ஆண்டையும் முகவரியையும் ஒத்துப் பார்த்தால் போதும்.

"தமிழர் மரபு நடை" என்று பெயர் வைத்துவிட்டுக் கோயிலிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. பினாங்கில் அது பாதிக் கதைகூட இல்லை. நாகூர் ஆண்டவர் பெயரில் சூலியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தர்கா, பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம், யார்க் ரோடு பக்கம் ஆற்றோரமாக இருக்கும் சலவைத் தொழிலாளர் குடியிருப்பான டோபி காட், இவையெல்லாம் தமிழ் பேசிய இடங்கள். கடையநல்லூர்க்காரர் வைத்த நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையில் பசியாறிவிட்டு, அவரை மட்டும் கதையிலிருந்து விட்டுவிடுவது என்ன நியாயம்?

பசியாறுவது என்றதும் நாட்காட்டி நினைவுக்கு வருகிறது. நோன்பு மாதத்தில் சாப்பாட்டுக் கடையில் முடியும் நடை வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பக்கம் வேண்டாம். உச்சிப் பொழுதில் கோயில் நடை சாத்தியிருக்கும். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் புறப்படும் தெருக்களில் நடக்கவே முடியாது. ரதப் பேச்சு வந்தால் கவனம்: செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-லிருந்து ஓடுகிறது, தங்க ரதம் 2017-இல் வந்தது, இரண்டுக்கும் தீவிர ரசிகர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள். ஆண்டைச் சொல்லுங்கள், எது உசத்தி என்ற கேள்வி வந்தால் தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கப் போய்விடுங்கள். காலை 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது உத்தமம். செப்டம்பர், அக்டோபரில் குடை. கட்டணம் வாங்கிச் சுற்றிக் காட்டுவதாக இருந்தால் 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும். "நாங்கள் சங்கம்தானே" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், உரிமம் உள்ள ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டு வாருங்கள்" என்று நாம் நடத்தும் கூட்டங்கள். ஈடுசெய்ய முடியாத சேதம் இங்கேதான் நடக்கிறது. வந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார்கள். அனுப்பும்போதே பாதித் தெளிவு போய்விடும். ஸ்கேனர் ஒன்றைக் கடன் வாங்கியாவது வையுங்கள், 600 டிபிஐ-க்குக் குறையாமல் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள்: ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப் பெயர், யாரோ எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர்களின் பெயரை அதே மேசையில், அதே நேரத்தில் எழுதி வாங்குங்கள். "அப்புறம் கேட்டுக்கலாம்" என்று விட்ட படங்களில் எங்களிடம் இன்றும் பெயரில்லாத 14 முகங்கள் இருக்கின்றன. பத்திரமாக இருக்கட்டும் என்று படத்தைச் சூட்டில் லேமினேட் செய்து கொண்டு வருகிறவர்களிடம், அடுத்த படத்தையாவது அப்படிச் செய்ய வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். அந்த உறையைப் பிறகு உரித்தெடுக்க முடியாது. சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை), பழைய பிறப்புப் பத்திரம் போன்றவற்றைப் பொதுவில் போடவே கூடாது. அது ஒரு குடும்பம் குடியுரிமைக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கும் காகிதமாக இருக்கலாம்.

போன வருடம் ஓர் அம்மா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை. முன்பு ஒரு குழு அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து ராஜுலா கப்பலில் வந்திறங்கிய புதிதில் எடுத்த படத்தைக் கண்காட்சிக்கு என்று வாங்கிப்போனதாம். கண்காட்சி முடிந்தது, படம் வரவில்லை. யாரிடம் கொடுத்தோம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை.

நாங்கள் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம், மளிகைக்கடையில் இருக்குமே, அதேதான். படம் இன்னது, இத்தனை மணிக்கு வாங்கியது, இன்றே திருப்பித் தருவது, வாங்கியவர் கையெழுத்து என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்துப் பர்ஸில் வைத்தார். அப்புறம் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, "இன்னும் ஆறு இருக்கு தம்பி" என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.