விண்டோஸ் 11-க்கு மாறியதும் கிராபிக்ஸ் வசதிகளைக் காணோமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பலரும் விண்டோஸ் 11-க்கு மாறி வருகிறார்கள். மாறிய கையோடு சிலருக்குத் திகைப்பு: ரைட் கிளிக் செய்தால் வழக்கமாக வரும் என்விடியா கன்ட்ரோல் பேனல் இல்லை. வேறு சிலருக்கு பிரைட்னஸ் பட்டையே இல்லை, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது, இரண்டாவது மானிட்டரில் படம் வரவில்லை.

பதறிப்போய், தேடலில் முதலில் வரும் ‘டிரைவர் அப்டேட்டர்’ எதையும் இறக்கிவிடாதீர்கள். என்விடியா, இன்டெல் போன்ற நிறுவனங்களின் கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர்; அதன் அமைப்புகளை மாற்ற உதவும் ஆப் கன்ட்ரோல் பேனல். காணாமல் போனது டிரைவரா, அதன் கன்ட்ரோல் பேனல் மட்டுமா என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வேலை சுலபம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, கடைசியில் இருக்கும் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 11 மெனுவைச் சுருக்கிவிட்டது. பழைய நீள மெனு இதற்குள்தான் இருக்கிறது. தேடியது அங்கே இருந்தால் வேலை முடிந்தது.

இல்லையா? ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதை விரியுங்கள். அங்கே என்ன பெயர் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

என்விடியா அல்லது இன்டெல் பெயர், மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லாமல் இருந்தால் டிரைவர் நலமாக இருக்கிறது. இப்போதைய டிரைவர்களில் கன்ட்ரோல் பேனல் தனி ஆப்; அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வர வேண்டும். சில நேரம் டிரைவர் வந்துவிடும், ஆப் வராது. ஸ்டோரில் ‘என்விடியா கன்ட்ரோல் பேனல்’ என்றோ ‘இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர்’ என்றோ தேடி நிறுவுங்கள். வெளியிட்டது அந்தந்த நிறுவனம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை என்று அர்த்தம். திரையில் ஏதோ தெரிய வேண்டுமே என்பதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் தற்காலிக ஏற்பாடு இது. பிரைட்னஸ், இரண்டாவது மானிட்டர் எல்லாம் ஒன்றாகப் போனதற்குக் காரணமும் இதுதான்.

எந்த சிப் என்று தெரியாவிட்டால், அந்தப் பெயர்மேல் டபுள் கிளிக் செய்து ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் ‘விஇஎன்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 8086 இருந்தால் இன்டெல், 10டிஇ இருந்தால் என்விடியா, 1002 இருந்தால் ஏஎம்டி.

அப்புறம் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய், கிராபிக்ஸ் டிரைவர் காத்திருந்தால் நிறுவுங்கள். அங்கே இல்லையென்றால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அந்த லேப்டாப்புக்கென்று சோதித்த டிரைவர் அங்கேதான் கிடைக்கும். அதன் பிறகுதான் சிப் தயாரிப்பாளரின் தளம். நிறுவியதும் ரீஸ்டார்ட் செய்ய மறக்க வேண்டாம்.

இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்பில் பலர் என்விடியாவை மட்டும் நிறுவிவிட்டு, பிரைட்னஸ் இன்னும் வரவில்லையே என்று தவிக்கிறார்கள். பெரும்பாலும் லேப்டாப் திரை இன்டெல் வழியாகத்தான் இயங்கும். இரண்டுக்குமே டிரைவர் வேண்டும்.

டிரைவர் இருந்தும் முன்பு வேலை செய்த வசதி இப்போது இல்லையா? டிவைஸ் மேனேஜரில் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் என்று போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பாருங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், திரும்பிப் போகப் பழைய டிரைவர் எதுவும் சேமிப்பில் இல்லை.

எதுவுமே சரிவரவில்லை என்றால், மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்து விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதற்குத் தேவையான பழைய கோப்புகள் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரில் இருக்கின்றன. திரை முழுதாகச் சரியாகும்வரை, இடம் பிடிக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.