மதில் மேல் ஆடும் கல்லைச் சாந்து போட்டு உட்கார வைப்பது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய மதில் உள்ள வீடுகளில் மேலே பாவிய மூடுகற்களில் ஒன்றிரண்டு ஆடும். ஐப்பசி மழை இணைப்புக்குள் இறங்கிச் சாந்தை அரித்திருக்கும், இல்லையென்றால் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே சரிசெய்துவிடுங்கள்.

முதலில் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டுங்கள். 'டங்' என்றால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் கழற்ற வேண்டியதுதான். இரண்டடிக்கு ஓரடி, இரண்டு அங்குலக் கருங்கல் கிட்டத்தட்ட 25 கிலோ இருக்கும், தனியாளாகத் தூக்காதீர்கள். கழற்றும்போதே சாக்பீஸால் எண் போட்டுவிட்டால் பிறகு குழப்பம் இல்லை.

அடுத்தது சுத்தம் செய்வது. பாதி வேலை இதுதான், எல்லோரும் அவசரப்படுவதும் இங்கேதான். சுவர் மேலும் கல்லின் அடியிலும் ஒட்டிய பழைய சாந்தை உளியால் முழுக்கச் செதுக்குங்கள். வேர் இருந்தால் நுனிவரை பிடுங்கவும். அறுத்துவிட்டால் மறுபடி துளிர்க்கும். தூசியைத் துடைப்பத்தால் தள்ளி, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

போன ஆனியில், காற்று சுழற்றியடித்த ஒரு மத்தியானம், நான் காய்ந்த சுவரிலேயே சாந்தை அப்பினேன். ஒரே மாதத்தில் கல் கையோடு வந்தது. அடியில் சாந்து ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. எங்கள் தெருக் கொத்தனார் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லுக்குத் தாகம் அடங்கலையே தம்பி" என்றார். சாந்தில் இருந்த ஈரத்தைச் சுவர் குடித்துவிட்டது. ஆகவே முந்தின நாள் சாயங்காலமே நனையுங்கள், காலையிலும் ஒருமுறை. ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

கலவை ஒன்றுக்கு நாலு. இரண்டு கல்லுக்கு, ஒரு லிட்டர் டப்பாவால் 2 சிமெண்ட், 8 சலித்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போதும். வறட்டாகவே நன்றாகப் புரட்டி, அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது வீண். கையுறை போடுங்கள், சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

ஆடாத இரண்டு கற்களுக்கு நடுவே நூல் கட்டுங்கள். சுவரிலும் கல்லின் அடியிலும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, முக்கால் அங்குலக் கனத்துக்குச் சாந்து பரப்பி, கல்லை வைத்து, மேலே மரக்கட்டை கொடுத்துத் தட்டுங்கள். நூலுக்குச் சரியாக வந்ததும் ரசமட்டம் வைத்து உங்கள் தோட்டத்துப் பக்கம் லேசாகச் சரிய விடுங்கள். பக்கத்து வீட்டுப் பக்கம் சரித்தால் மழையோடு சண்டையும் வரும்! கல் விளிம்பின் அடியில் சிறு காடி வெட்டியிருந்தால் அதில் சாந்து அடையாமல் வழித்துவிடுங்கள். மழைத்தண்ணீர் சுவரோடு இறங்காமல் அங்கேதான் சொட்டும்.

கற்களுக்கு இடையே அரை அங்குலத்துக்கும் குறைவாக இடைவெளி விட்டு, சாந்தைக் குத்தி நிரப்பி, வளைத்த கம்பியால் அழுத்தி இழுங்கள். கல்லில் சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைக்கவும். கடப்பாக்கல் என்றால் வெள்ளைக் கறை லேசில் போகாது.

சாந்து இறுகியதும் ஈரச்சாக்கு போர்த்தி, ஏழு நாள் காலையும் மாலையும் நனையுங்கள். அதுவரை பிள்ளைகளை மேலே உட்கார விடாதீர்கள். மயில் வந்து கிளறினால் என்ன செய்வது? சாக்கின் ஓரத்தில் இரண்டு செங்கல்லை ஏற்றி வையுங்கள்.