உருத்திராக்க மாலை: தெரிவதும் கோப்பதும் செபிப்பதும், வன்னி வெக்கையில் பேணுவதும்

உருத்திராக்கம் சைவர்களுக்குச் சிவசின்னம். திருநீறு பூசியவருக்கு உள்ள ஒழுக்கம் மாலை அணிந்தவருக்கும் உண்டு. கழுத்தில் கிடந்தாலே எல்லாம் நடக்கும் என்று வாங்கி, ஒருநாளும் உருட்டாமல் விடுவது பெரிய இழப்பு. மணியை உருட்டிச் செபிக்கும்போதுதான் மனமும் மூச்சும் அடங்கும்.

வாங்கும்போது ஐந்து முகமே போதும். நேபாளத்திலும் இந்தோனேசியாவிலும் விளையும் மணிகளில் பெரும்பாலானவை ஐந்து முகந்தான், அதனால்தான் விலையும் குறைவு. (மலைநாட்டிலிருந்து வரும் வெரளிக்காயும் இதே பேரினத்து மரத்தின் காய்தான்.) முகம் என்பது ஒரு துளையிலிருந்து மறு துளைவரை அறாமல் ஓடும் பள்ளக் கோடு. கோடு நடுவழியில் நின்றாலோ, எல்லா மணியும் அச்சில் வார்த்ததுபோல இருந்தாலோ எடுக்க வேண்டாம். தண்ணீரில் தாழ்ந்தால் அசல், மிதந்தால் போலி என்ற சோதனையை நம்பாதீர்கள். நன்கு காய்ந்த அசல் மணியும் மிதக்கும். உருண்டையான ஒருமுகத்தை மலிவாகத் தருகிறோம் என்றால் பேசாமல் வந்துவிடுங்கள்.

புது மணியை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் சிவப்போ கபிலமோ இறங்கினால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். நிறம் இறங்குவது நிற்கும்வரை கழுவாமல் அணிந்தால் கழுத்தில் கடியும் தடிப்பும் வரலாம். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, நல்லெண்ணெயில் 24 மணித்தியாலம் ஊறவைத்து, பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். பாலில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. எங்கள் வெக்கைக்கு அந்தப் பால் பள்ளத்துக்குள் புளித்து நாறும், எறும்பும் மொய்க்கும். பாலாபிஷேகம் செய்ய விரும்பினால் உடனே கழுவிவிடுங்கள்.

மாலை பழுதாவது பெரும்பாலும் நூலால்தான். பருத்தி நூல் வயல் வேலை செய்பவரின் வியர்வையில் சில மாதத்தில் இற்றுவிடும். தங்கூசி (மீன்பிடிக்கும் ஒற்றை நைலோன் இழை) வலுவாகத் தெரிந்தாலும் விறைப்பானது, முடிச்சு வழுகும். வலை பின்னும் முறுக்கு நைலோன் நூலில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பானதை எடுங்கள். 7 மில்லிமீற்றர் மணி 108க்கும், மாலையின் தொடக்கத்தைக் காட்டும் நாயகமணிக்கும் முடிச்சோடு சேர்த்து 3 மீற்றர் நூல் தாராளம். நூல் நுனியை நெருப்பில் காட்டி, ஈரவிரலால் உருட்டினால் மணி கோக்க ஊசியே தேவையில்லை. மணியின் மேல்முனையோடு மேல்முனையும் அடியோடு அடியும் பார்க்கும்படி கோப்பது மரபு. ஒவ்வொரு மணிக்கும் பிறகு தளர்வான முடிச்சைப் போட்டு, அதற்குள் ஊசியை விட்டு மணியை நோக்கித் தள்ளிக்கொண்டே இறுக்குங்கள். ஒரு நெல்மணி நுழையுமளவு இடைவெளி விட வேண்டும். மணிகள் நெருக்கினால் மாலை தடிபோல விறைக்கும், வளையும் இடத்தில் துளையின் விளிம்பு நூலை அறுக்கும்.

செபத்துக்கு மாலையை வலக்கை நடுவிரலில் போட்டு, பெருவிரலால் மணியை உங்கள் பக்கம் தள்ளுங்கள். சுட்டுவிரல் தொடக்கூடாது. நாயகமணி வந்தால் கடக்காமல் மாலையைத் திருப்பி, வந்த வழியே போங்கள். ஐந்தெழுத்தை (நமசிவாய) தீட்சையில் குருவிடம் பெறுவதே முறை. அதுவரை ‘சிவசிவ’ என்று சொல்லலாம். ஒரு மூச்சுக்கு ஒரு மணியாக, நிமிடத்துக்கு ஆறு வீதம் போனால் 108 முடிய 18 நிமிடம் ஆகும். தலை சுற்றினால் மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக விடுங்கள். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த இத்தாலிய ஆய்வொன்று, கத்தோலிக்கரின் செபமாலையும் மந்திர உச்சாடனமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறளவுக்கு இறக்கியதையும் இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயத் துடிப்பை மாற்றிக்கொள்ளும் உடலின் திறனை அது கூட்டியதையும் 23 பேரில் அளந்து காட்டியது. பலன் நிதானமான உச்சரிப்பில் இருக்கிறது. மாலை போட்டாயிற்று என்று பிரசர் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

மலசலம் கழிக்கும்போதும் படுக்கும்போதும் துடக்கு நாட்களிலும் கழற்றி வையுங்கள். மச்சம் சாப்பிடும் வீட்டார், வெள்ளியிலும் விரத நாளிலும் பூசை நேரத்திலும் மட்டும் அணிவது நேர்மையான வழி. வயலுக்கு மருந்தடிக்கும்போது கட்டாயம் கழற்றுங்கள், எண்ணெய் ஊறிய மணி அந்த நஞ்சையும் பிடித்துக்கொள்ளும். தண்ணி மெசினின் பெல்ட் பக்கத்தில் தொங்கும் மாலையோடு குனிவது உயிருக்கே ஆபத்து.

கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும் அதே கறை, கிணற்றுத் தண்ணீரில் கழுவிய மணியின் பள்ளத்திலும் படியும். மழைத்தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ நல்லது. சவர்க்காரம் எண்ணெய்ப்பிடிப்பை எடுத்துவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணி வரண்டு வெடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை ஒரு துளி நல்லெண்ணெயை விரலில் தேய்த்து மணிகளில் பூசுங்கள். மாரியில் எண்ணெய் வேண்டாம். பூஞ்சணம் பிடிக்கும், ஈரமான மாலையைப் பொலித்தீன் பைக்குள் வைத்தால் ஒரு கிழமையே காணும். துணிப்பையில் போட்டுச் சாமி அறையில் தொங்கவிடுங்கள்.

மணி வெடித்துக் கோடு பிரிந்தால் செபத்துக்கு ஆகாது. அதைக் குளத்திலோ கோயில் வில்வமரத்தடியிலோ விட்டு, அதே அளவில் புது மணி கோத்து, 108ஐயும் ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகே மாலையைக் கையில் எடுங்கள்.