தரங்கம்பாடியில் கட்டடத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க

இது டென்மார்க்காரர்கள் ஆண்ட ஊர். முகப்பில் கிரீடத்தின் கீழே பின்னிக்கிடக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள், அதுதான் அவர்களின் அரசர் முத்திரை. C என்றால் கிறிஸ்டியன், F என்றால் ஃபிரெடரிக். எண் அந்தப் பெயரில் எத்தனையாவது அரசர் என்பது. டென்மார்க்கில் இந்த இரண்டு பெயர்களும் மாறி மாறியே வந்ததால் குழப்பமில்லை. ஆட்சிக் காலங்கள்: F3 1648-70, C5 1670-99, F4 1699-1730, C6 1730-46, F5 1746-66, C7 1766-1808, F6 1808-39, C8 1839-48. புது எருசலேம் தேவாலய முகப்பில் இருப்பது F4. 1718இல் கட்டியது, கணக்கு சரியாக வருகிறது. எழுத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல இரட்டித்துப் போட்டிருப்பார்கள், ஒரு பாதியை மட்டும் படித்தால் போதும். கடற்கரையில் கிடைக்கும் பழைய டேனிஷ் காசுக்கும் இதே வழி, ஆனால் தேய்ந்த காசில் 5ஐயும் 6ஐயும் பிரிப்பது கடினம்.

முத்திரை அந்தக் கல்லின் வயதைத்தான் சொல்லும். பின்னால் இடித்துக் கட்டிய சுவருக்குப் பொருந்தாது. 1845இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு எழுந்த கட்டடங்களில் இதைத் தேடிப் பயனில்லை. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குக் கல்வெட்டுதான் வழி.