பட்டாலைச் சுவர் கற்றுக்கொடுத்தது

காரைக்குடி பக்கம் எங்கள் அய்யா கட்டிய வீட்டில், பட்டாலை என்கிற உள் மேடைத் திண்ணையின் சுவரடியில் காரை உதிர்ந்தபோது சிமெண்டு வைத்துப் பூசச் சொன்னவள் நான்தான். இரண்டு மழை தாங்கவில்லை. பூச்சுக்கு ஒரு முழம் மேலே உப்புப் பூத்து, செங்கல் மாவாய்க் கொட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, உலரும் இடத்தில் உப்பை விட்டுப்போகும்.

ஆகவே பழைய வீடு உங்கள் கைக்கு வந்தால் முதல் வருடம் வேடிக்கை மட்டும் பாருங்கள். கோடு போட்ட நோட்டு ஒன்றில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை வரைந்து அளவு எழுதுங்கள். அறையின் மூலைக்கு மூலையும் டேப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் ஓர் அறைகூடச் சரியான சதுரமில்லை. ஐப்பசி மழையில் வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று, எந்த ஓட்டில் ஒழுகுகிறது, எந்தத் தூம்பு அடைத்திருக்கிறது என்று குறியுங்கள். சுவரின் நோய் பல நேரம் கூரையில்தான் தொடங்குகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் விரல் நீளத்திலேயே வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டினால் மறுபடி தழைக்கும், வேர் உள்ளே பருக்கும்.

விரிசலை உடனே பூசி மறைக்காதீர்கள். இரு முனையிலும் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டிவையுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மட்டும் தனியார் வீட்டுக்குக் காவல் கிடைத்துவிடாது. ஆனால் திருமயம் கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரையிலும் அனுமதியோடுதான் வேலை.

இனி காரை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கடியில் எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்கு வெண்ணெயாகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்று தொடங்கலாம். நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைப்பார்கள்.

எங்கள் பட்டாலைச் சுவரைச் சரிசெய்ய நான் கூட்டிவந்த வயதான கொத்தனார் பூசவே மறுத்தார். "சிமெண்டக் கொத்தி எடுத்துட்டுச் சும்மா விடுங்க ஆச்சி. செவரு காயட்டும்." ஏழு மாதம் விட்டோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தட்டியெடுத்தோம். தை பிறந்தபின், சித்திரை வெயிலுக்கு முன்னால், மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். பின்கட்டில் ஒரு சதுர அடி பூசிப் பார்த்தபிறகே பட்டாலைக்கு வந்தோம்.